காலஞ்சென்ற மிக்கேலின் மகளுக்குக் கல்யாணம்

சூரமங்கலம், சேலம்
5 ஜனவரி 2026

திரு. மிக்கேல் அவர்களுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கோயில் அலுவலகத்துக்குப் போய், ஏழு வருடங்களுக்குப் பிறகு உங்கள் பெயரை என் கையால் எழுதினேன். காபிகூடக் குடிக்கவில்லை. உட்கார்ந்து குடித்தால் மனம் மாறிவிடுமோ என்று பயம்.

பதற வேண்டாம், நல்ல செய்திதான். ஜெனிட்டாவுக்குக் கல்யாணம். பையன் பெயர் டோனி. நாமக்கல்லில் ஒரு முட்டைக் கிடங்கில் மேற்பார்வை வேலை. அப்பா இல்லை. அம்மா சகாயம்மாள் ஒரு பள்ளிக்கூட விடுதியில் சமையல் செய்கிறார். பிள்ளைகள் இருவரும் தாங்களாகவே பார்த்துப் பிடித்து, ஒரு வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னார்கள். நான் கோபப்படுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். டோனி வீட்டுக்குள் வந்தவன், பேச்சைத் தொடங்குவதற்கு முன்னால் சமையலறையில் சொட்டிக்கொண்டிருந்த குழாயைக் கழற்றிச் சரிசெய்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு நான் எங்கே கோபப்படுவது?

பிப்ரவரி 11, புதன்கிழமை, லூர்து மாதா திருநாள் அன்று காலை பத்து மணிப் பூசையில் கல்யாணம். அடுத்த வாரம் தவக்காலம் தொடங்கிவிடும்.

உங்கள் மகள் இரண்டு சட்டம் போட்டிருக்கிறாள். முதலாவது, ஒரு ரூபாய்கூடக் கடன் கூடாது. "கடன் வாங்கிப் பண்ணினா என் கல்யாணத்துக்கு நான் வரமாட்டேம்மா, பாத்துக்க" என்றாள். இரண்டாவதுதான் வேடிக்கை. அன்று அங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளும், அங்கே உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவர் கைபட்டுச் செய்ததாக இருக்க வேண்டுமாம். கடையில் வாங்கிய அலங்காரம் வேண்டாம், வாடகைக்கு எடுத்த சிம்மாசனம் வேண்டாம். அச்சகத்தில் உட்கார்ந்து இருபது வருடமாக மற்றவர்கள் கல்யாணப் பத்திரிகையைக் கணினியில் அடித்துக்கொண்டிருப்பவள் நான். தங்க முலாம் பூசிய பத்திரிகை, பெட்டிக்குள் வைத்த பத்திரிகை, திறந்தால் பாடுகிற பத்திரிகை எல்லாம் பார்த்திருக்கிறேன். இவள் சொல்வதைக் கேட்டபோது, இவளை நான்தான் பெற்றேனா என்று ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது.

ஓலை வாசிப்பதற்கான படிவத்தை இன்று நிரப்பினேன். மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண அறிவிப்பாக வாசிப்பார்கள். பெற்றோர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நீங்கள் வந்து பிறகு போடுவீர்கள் என்பதைக் குறிக்க, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் 'லேட்' என்று எழுதி வைத்தேன். உபதேசியார் சூசை சரி என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏன் போன் செய்யவில்லை என்று உங்களுக்குத் தெரியும். என் அம்மா இறந்த அன்று அழுதுகொண்டே உங்களுக்குப் போன் செய்தேன். "அம்மா போயிட்டாங்க" என்றேன். நீங்கள் "நல்லது, நல்லது, சரி வெச்சிடறேன்" என்றீர்கள். அடக்கம் முடிந்து இரண்டாம் நாள் வந்து நின்றீர்கள். இனிமேல் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று நான் சொன்னதும் பையை எடுத்துக்கொண்டு போனவர்தான், பிறகு வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்தப் போனை என் காதிலிருந்து இன்னும் எடுக்க முடியவில்லை. ஜெனிட்டா கிறிஸ்துமஸுக்கு அனுப்பும் மெசேஜுக்கெல்லாம் 'ஓகே' என்று மட்டும் பதில் போடுகிறீர்களாம். இது ஓகே போட்டு முடிக்கிற காரியம் அல்ல என்பதால், உங்கள் போர்வெல் கம்பெனியின் திருச்செங்கோடு ஆபீஸ் குருமூர்த்தி சேலத்துக்குச் சாமான் வாங்க வந்தபோது பிடித்து, ரிக்குக்குப் போகும் லாரியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் பீடத்துக்கு நடந்து வருவேன் என்கிறாள். வரச் சொல்வது அவள். நான் எழுதுகிறேன், அவ்வளவுதான்.

அன்புச்செல்வி

•

ராஜ்நாந்த்காவ் முகாம், சத்தீஸ்கர்
11.1.26

செல்விக்கு மிக்கேல் எழுதுவது.

உன் கடிதம் டீசல் பில்லோடு சேர்ந்து வந்தது. பில் என்று நினைத்துப் பையில் வைத்துவிட்டேன். சாயங்காலம்தான் உன் கையெழுத்தைப் பார்த்தேன். உன் எழுத்து மாறவே இல்லை.

பாப்பாவுக்குக் கல்யாணம் என்று இங்கே ரிக்கில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். ஜார்க்கண்ட் பையன்கள் இனிப்பு வாங்கி வந்து என் வாயிலேயே அடைத்தார்கள். டோனி குழாயைச் சரிசெய்தது எனக்குப் பிடித்தது. எந்த வாஷர் போட்டான் என்று கேள். ரப்பர் என்றால் ஆறு மாதம்தான் வரும்.

பிப்ரவரி எட்டாம் தேதி இங்கிருந்து புறப்பட்டு ஒன்பதாம் தேதி வருகிறேன். இந்த முறை தாமதம் ஆகாது.

பாப்பாவின் இரண்டாவது சட்டத்தைப் படித்ததிலிருந்து யோசனையாக இருக்கிறது. நான் என்ன செய்து கொண்டுவருவது? இருபத்தைந்து வருடமாகக் குழி போடுகிறேன். நான் செய்தது எல்லாம் பூமிக்கு அடியில் இருக்கிறது.

போன் விஷயம் நேரில் சொல்கிறேன். எழுத வரவில்லை.

மிக்கேல்

•

சூரமங்கலம், சேலம்
19 ஜனவரி 2026

ஜெனிட்டாவின் அப்பாவுக்கு,

நேற்று நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள்.

சிரிக்காதீர்கள். நேற்று முதல் ஓலை. பூசை முடியும் நேரம். உபதேசியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று வாசித்தார்: "நமது பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற மிக்கேல் – அன்புச்செல்வி இவர்களின் மகள் ஜெனிட்டாவுக்கும், நாமக்கல் பங்கைச் சேர்ந்த, காலஞ்சென்ற அந்தோணி – சகாயம்மாள் இவர்களின் மகன் டோனிக்கும்..." அதற்குப் பிறகு எனக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த ஜெனிட்டா முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துப் பின்வரிசைப் பெண்கள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

உபதேசியாரிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் படிவத்தை எடுத்து நீட்டினார். "நீங்கதானுங்க எழுதியிருக்கீங்க? மாப்பிள்ளை ஊட்டுப் பக்கமும் 'லேட்', பொண்ணு ஊட்டுப் பக்கமும் 'லேட்'. ரெண்டு லேட்டுக்கும் ரெண்டு அர்த்தமுன்னு எனக்கு எப்படித் தெரியுங்க?"

அவர் மேல் தப்பு இல்லை. அச்சகத்துக்கு வருகிறவர்கள் துண்டுச் சீட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'லேட்' என்று கிறுக்கிக்கொண்டு வருவார்கள். அதை 'காலஞ்சென்ற' என்று மாற்றி அடிப்பதே என் வேலை. இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் முறை அடித்திருப்பேன்! ஒரு பெயருக்குப் பக்கத்தில் அந்தச் சொல் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்? நேற்று முழுவதும் அதையே யோசித்தேன். தெரியாமல் எழுதினேனா, அல்லது தெரிந்த கை எழுதியதா? எதுவானாலும் அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் எழுத உட்கார்ந்தது அதற்காக அல்ல.

செய்தி பரவி, மத்தியானத்திலிருந்து வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இல்லை, உயிரோடுதான் இருக்கிறார் என்று சொல்வதற்குள் ஒவ்வொருவரும் உங்களைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட்டார்கள். உயிரோடு இருப்பவரைப் பற்றி யாரும் இப்படிப் பேசுவதில்லை. எதிர்வீட்டு ஜோதி, தன் கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் நீங்கள் மழைக்கால விடுமுறையில் வந்திருந்தீர்கள் என்றும், தினமும் விடிவதற்கு முன் அவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றினீர்கள் என்றும் சொல்லி அழுதாள். "உன்கிட்டச் சொல்ல வேண்டாமுன்னாருடி, நீ கிண்டல் பண்ணுவியாம்." உண்மைதான், பண்ணியிருப்பேன்.

சாயங்காலம் மேச்சேரியிலிருந்து பஸ் பிடித்து ஒரு பெரியவர் வந்தார். பெயர் காளியப்பன், ஆடு வளர்க்கிறாராம். யாரோ போனில் சொல்லிக் கேள்விப்பட்டாராம். நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"எங்க காட்டுல மூணு எடத்துல போர் போட்டும் வெறும் புழுதிதானுங்க வந்துச்சு. நாலாவது போட ரிக்கு முதலாளி மாட்டேனுட்டாரு. உங்க ஊட்டுக்காரருதான் பேசிப் போட்டுக் குடுத்தாரு. அஞ்சு வெரக்கட கனத்துக்குத் தண்ணி! இன்னைக்கும் என்ற ஆடுங்க அதத்தான் குடிக்குது."

"அவர் உயிரோட இருக்காருங்க. தப்பா வாசிச்சுட்டாங்க" என்றேன்.

பெரியவர் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அப்படீங்களா? நல்லாருக்கட்டும் சாமி. அப்ப நான் வந்தது அவருக்குத் தெரிய வேண்டாம், சங்கடப்படுவாரு" என்று எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பிச் சொன்னார்: "காது எப்படியிருக்குதுங்க இப்ப? அப்பவே சுத்தமாக் கேக்காதே அவருக்கு. நான் தொண்டை கிழியக் கத்துவேன், அவரு சிரிப்பாரு."

எந்த வருடம் என்று கேட்டேன். ஒன்பது வருடத்துக்கு முன்பாம். அம்மா இறந்ததற்கு இரண்டு வருடம் முன்னால்.

நீங்கள் டிவியைச் சத்தமாக வைப்பீர்கள், நான் சண்டை போடுவேன். நான் பின்னால் நின்று பேசினால் திரும்பமாட்டீர்கள். திமிர் என்று நினைத்தேன். ஒரே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை, மேச்சேரி ஆட்டுக்காரருக்குத் தெரிந்திருக்கிறது.

நேரில் சொல்கிறேன் என்று எழுதாதீர்கள். இப்போதே எழுதுங்கள். அன்றைக்கு நான் போனில் சொன்னது உங்களுக்குக் கேட்டதா?

அன்புச்செல்வி

•

ராஜ்நாந்த்காவ் முகாம்
23.1.26

செல்விக்கு,

காலஞ்சென்ற மிக்கேல் எழுதுவது. இங்கே சொர்க்கத்தில் தூசி அதிகம்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ரிக்கில் ஏறவே இல்லை இன்று. உடம்பு சரியில்லை என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

பாதி கேட்டது. அதுதான் கெட்டுப்போனது. ஒன்றும் கேட்காமல் இருந்திருந்தால் என்ன என்று கேட்டிருப்பேன். அப்போது கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. "அம்மா போயிட்டாங்க" என்பது மட்டும் கேட்டது. அந்த வாரம் அம்மா வேளாங்கண்ணிக்குப் போவதாக முன்பே சொல்லியிருந்தாய். கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அதனால்தான் நல்லது என்றேன். மாதாவிடம் போவது நல்லதுதானே.

நீ அழுதது எனக்குக் கேட்கவில்லை செல்வி.

மறுநாள் குருமூர்த்தி ஆபீசிலிருந்து ஆள் அனுப்பித்தான் தெரிந்தது. ஓடி வந்தேன். நீ சொன்னது அன்றைக்கு எனக்கு நன்றாகக் கேட்டது, முகத்துக்கு நேராக நின்று சொன்னாய். காது கேட்காது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ முதலாளியிடம் பேசி என்னை ஊருக்கு வரவைப்பாய். ரிக்கில் துளை போடும் டிரில்லருக்குக் காதுதான் முதல் சாமான். பாறை மாறினால் சத்தம் மாறும். காது போனவனை முதலாளி குழாய் தூக்கத்தான் வைப்பார். பாப்பா அப்போது பிளஸ் டூ. அதனால் வாயை மூடிக்கொண்டேன். பிறகு மூடியதைத் திறக்கத் தெரியவில்லை.

இப்போது காலில் கேட்கிறேன். செருப்பைக் கழற்றிவிட்டு ரிக் மேடையில் நின்றால் கருங்கல்லா, சுக்கான் பாறையா என்று குதிகாலில் தெரியும். தண்ணீர் வருவதற்கு முன்னால் ஒரு மாதிரி மெத்தென்று இருக்கும். இதுவரை தப்பியதில்லை.

லேட் என்று எழுதியதற்கு மன்னிப்பு எதற்கு? ஏழு வருடமாக நான் அப்படித்தான் இருந்தேன்.

மிக்கேல்

•

சூரமங்கலம், சேலம்
29 ஜனவரி 2026

அன்புள்ள ஜெனிட்டா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை அச்சகத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு அடித்த பத்திரிகையில் மாப்பிள்ளை பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சமையல்காரர் பெயரை அடித்துவிட்டேன். நல்லவேளை, முதலாளி பார்த்துவிட்டார்.

அதைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. எழுதினால் கோபமாக வருமா, அழுகையாக வருமா என்று தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஏழு வருடம் மிச்சமாகியிருக்கும் என்பதை மட்டும் நான் மறக்கமாட்டேன். கல்யாண வேலைகளை எழுதுகிறேன்.

முதலில் இரண்டாவது ஓலை. உபதேசியார் போன வாரத் தப்புக்குப் பரிகாரமாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "தற்சமயம் உயிரோடிருக்கும் மிக்கேல் அவர்களின் மகள்" என்று வாசித்தார். கோயிலே சிரித்தது. பங்குச்சாமியார் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டார். தோளெல்லாம் குலுங்கியது.

பத்திரிகை தயார். அச்சடிக்கவில்லை. அச்சகத்தில் மற்றவர்கள் பத்திரிகையை வெட்டும்போது கழியும் நல்ல அட்டைத் துண்டுகளை முதலாளியிடம் கேட்டு வாங்கினேன். எல்லாம் வேறு வேறு நிறம், விரல் நீளம், உள்ளங்கை அகலம். ஜெனிட்டா ஒவ்வொன்றையும் கையால் எழுதுகிறாள். ஒவ்வொருவருக்கும் வேறு வாசகம். ஜோதிக்கு எழுதியதைப் பார்த்தேன்: 'ஜோதி அத்தை, உங்க சைக்கிள்லதான் நான் ரெண்டு வருசம் காலேஜ் போனேன். ஒரு நாள்கூடத் திருப்பிக் கேக்கல. பிப்ரவரி 11 கோயிலுக்கு நடந்து வாங்க, திரும்பும்போது நான் கொண்டுவந்து விடறேன்.' ஜோதி அதை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டாள். கல்யாணத்துக்கு எந்தத் தேதி என்று பார்க்க மற்றவர்கள் அவள் வீட்டுக்குப் போகிறார்கள்.

நான் இத்தனை வருடம் 'தங்கள் நல்வரவை நாடும்' என்று அடித்துக்கொண்டிருந்தேனே, அதற்கு அர்த்தம் இதுதான் போலிருக்கிறது.

அலங்காரம் டோனியின் பொறுப்பு. போன மழையில் கிடங்கு ஒழுகி, முட்டை அடுக்கும் புது அட்டைத் தட்டுகள் நிறைய நனைந்து வீணாகிவிட்டனவாம். எடைக்குப் போட இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தான். அந்தத் தட்டில் ஒவ்வொரு குழியையும் வெட்டி, நான்கு பக்கமும் இதழாக விரித்தால் அப்படியே பூ! அச்சகத்தில் மீந்த மையை ஜெனிட்டா கரைத்து வண்ணம் தோய்த்தாள். வீட்டுக் கொடியில் துணி காயவைக்க இடம் இல்லை, நானூறு பூக்கள் தொங்குகின்றன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் நூறு வெட்டினேன். என் விரலில் இப்போது கத்தரிக்கோல் தழும்பு.

சேலை குமாரபாளையம். ஜெனிட்டாவின் சிநேகிதி தீபிகாவின் அப்பா சடையன் தன் தறியில் ஓட்டித் தருகிறார். வெள்ளை உடல், ஒரு விரல் அகலத்தில் நீலக் கரை. "என்ற பொண்ணு கல்யாணத்துக்கு நான் கடையிலதான் எடுத்தேன், அவ வெக்கப்பட்டுக்கிட்டா. இந்தப் பொண்ணாச்சும் கேட்டுச்சே" என்றாராம்.

சாப்பாடு சம்பந்தியம்மா. கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன், மாப்பிள்ளையின் அம்மாவைச் சமைக்கச் சொல்வதா என்று. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "நான் தெனமும் எண்ணூறு புள்ளைங்களுக்கு ஆக்கிப்போடறவ. அதுங்க ஒண்ணாச்சும் நல்லாருக்குன்னு சொல்லுதா? என்ற மவன் கல்யாணத்துல முந்நூறு பேரு சாப்புட்டு நல்லாருக்குன்னு சொன்னா, அத நான் கேக்க வேண்டாமாங்க?" விடுதிச் சமையலறைப் பெண்கள் நான்கு பேரோடு முதல் நாளே வந்துவிடுகிறார். ஆட்டுக்கறிக்கு வழியில்லை. முட்டை பிரியாணி, நாமக்கல் சம்பந்தத்துக்குப் பொருத்தம்தான். காளியப்பன் பெரியவருக்கும் ஜெனிட்டா பத்திரிகை அனுப்பியிருக்கிறாள். உங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றாரே என்றேன். "இப்பத் தெரிஞ்சிடுச்சில்ல?" என்கிறாள்.

இவளை நான் வளர்த்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஜோதி வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தவரின் புத்தி இது என்று இப்போது தெரிகிறது.

கூடத்தில் எல்லோருடைய பொருளும் வந்துவிட்டது. உங்களுடையதுதான் இன்னும் இல்லை. "அப்பா என்ன கொண்டுவருவாரு?" என்று தினமும் கேட்கிறாள். வந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. அவள் அப்படி நினைக்கவில்லை.

வலது காதா, இடது காதா, எது பரவாயில்லை? அவள் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும்.

செல்வி

•

முகாம்
3.2.26

செல்விக்கு,

வலது பரவாயில்லை.

ஒரு சிக்கல். இப்போது போட்டுக்கொண்டிருக்கும் போர் ஒரு பள்ளிக்கூடத்துக்கு. எழுநூறு அடி தாண்டியும் ஈரம் இல்லை. முடிக்காமல் டிரில்லர் முகாமை விடக்கூடாது என்று முதலாளி சொல்கிறார். ஏழாம் தேதிக்குள் முடியாவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன். சும்மா சொல்லவில்லை. பெட்டியைக் கட்டி லாரியில் வைத்துவிட்டேன்.

என் குதிகால் இன்று காலையிலிருந்து மெத்தென்று சொல்கிறது. மற்றவர்கள் நம்பவில்லை.

தண்ணீர் வந்தால் பாப்பாவுக்கு என்ன கொண்டுவருவது என்று எனக்குத் தெரியும்.

மிக்கேல்

•

சூரமங்கலம், சேலம்
16 பிப்ரவரி 2026

ஏனுங்க,

நீங்கள் பன்னிரண்டாம் தேதி ரயில் ஏறி நான்கு நாள் ஆகிறது. கூடவே இருந்து பார்த்த கல்யாணத்தை உங்களுக்கே எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். பார்த்தீர்கள். கேட்டிருக்கமாட்டீர்கள். கேட்காமல் போனதை எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி சேலம் ஜங்ஷனில் இருபத்தைந்து லிட்டர் கேனைக் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு இறங்கினீர்களே, அப்போது டோனி என்னிடம் கேட்டான்: "அத்தை, மாமா பீடி சிகரெட்டுகூடப் பிடிக்கமாட்டாருன்னீங்க. கேன்ல என்னங்க?" ரயிலில் டிக்கெட் பரிசோதகரும் முகர்ந்து பார்த்தாராம் என்று நீங்கள் சொன்னதும் அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு அது என்ன தண்ணீர் என்று தெரிந்ததும் கேனை உங்களிடமிருந்து வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, வீடு வரை யாரையும் தொடவிடவில்லை.

கோயிலில் நடந்து வரும்போது, பாதி வழியில் ஜெனிட்டா உங்கள் வலது காதில் ஏதோ சொன்னாள். நீங்கள் "ஆங், ஆங்" என்றீர்கள். கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிறகு அவளிடம் கேட்டேன். "அப்பா, மெதுவா நடங்க. இது முடியவே வேண்டாம்" என்றாளாம். கேட்காமலே நீங்கள் மெதுவாகத்தான் நடந்தீர்கள். பாடகர் குழு பாட்டை முடித்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

தாலி மந்திரிக்கும்போது சாமியார் சொன்னது இது: "இந்தத் தீர்த்தம் எழுநூற்றுச் சொச்சம் அடிக்குக் கீழே, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காகத் தோண்டிய இடத்தில் முதல்முதலாக வந்த தண்ணீர். தோண்டியவர் இங்கே நிற்கிறார். இதுவரை நான் குழாய்த் தண்ணீரைத்தான் மந்திரித்திருக்கிறேன்." எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். நீங்கள் சட்டைப் பொத்தான் கழன்றிருக்கிறதோ என்று குனிந்து பார்த்துக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. உங்களுக்கு அந்தத் தண்ணீரைக் கொண்டுவரத் தோன்றியதே! நானாக இருந்தால் ஒரு பட்டு வேட்டியை வாங்கிக்கொண்டு வந்து, நானே நெய்தேன் என்று பொய் சொல்லியிருப்பேன்.

பந்தியில் சம்பந்தியம்மா சொன்னது: "உங்க ஊட்டுக்காரரு பேரச் சொல்லிக் கூப்புட்டாத் திரும்பமாட்டேங்கறாரு, கரண்டிய அண்டாவுல தட்டுனாத் திரும்பறாருங்க. இனி அப்படியே கூப்புடுங்க." மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டீர்களாம். உங்களைக் காட்டி, "நல்லாருக்குன்னு வாயால சொல்லாம தட்டால சொன்ன மனுசன் இவருதான்" என்று விடுதிப் பெண்களிடம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

காளியப்பன் பெரியவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினாரே, அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்: "பொழச்சு வந்துட்டீங்க சாமி."

வீட்டில் நீங்கள் இருந்த மூன்று நாளும் நாம் பேசிக்கொண்டது நான்கு வாக்கியம். எண்ணிவைத்திருக்கிறேன். சாப்பிட்டீங்களா. துண்டு எங்கே. காது டாக்டரைப் பார்த்தீங்களா. பார்க்கலாம். வீடு நிறைய ஜனம், கூடம் நிறைய பாத்திரம் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. எனக்கு உங்களிடம் கத்திப் பேச வெட்கமாக இருந்தது. கத்தினால் வீடே கேட்கும். மெதுவாகச் சொன்னால் நீங்கள் கேட்கமாட்டீர்கள். கணவன் மனைவி பேச்சுக்கு நடுவில் ஒரு சத்தம் வேண்டும், அது எது என்று நமக்கு இன்னும் தெரியவில்லை.

ரயில் நிலையத்தில், நீங்கள் பெட்டியில் கால் வைத்தபோது, பின்னால் நின்று நான் ஒன்று சொன்னேன். "இருங்க" என்றேன். ஒரே வார்த்தை. நீங்கள் திரும்பவில்லை, ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகக் கையசைத்தீர்கள். முன்பென்றால் திமிர் என்று நினைத்து ஏழு வருடம் ஓட்டியிருப்பேன். இந்த முறை ரயில் மறையும் வரை அங்கேயே நின்றேன். எனக்குக் கோபமே வரவில்லை. என்னைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

ஜெனிட்டாவும் டோனியும் நேற்று நாமக்கல்லிலிருந்து வந்திருந்தார்கள். தனியாக இருக்க வேண்டாம், எங்களோடு வந்துவிடு என்கிறார்கள். எனக்கென்று ஒரு அறை ஒதுக்கி, ஜன்னலுக்குத் திரைகூடத் தைத்துவிட்டாளாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவள் முகம் சுருங்கியது. யோசிப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

அச்சக முதலாளியிடம் இருபது வருடத்தில் நான் கேட்காத விடுமுறை எல்லாம் பாக்கி இருக்கிறது. மாசி முகூர்த்த நேரத்தில் கேட்டால் குதிப்பார், குதிக்கட்டும். மழைக்காலம் வந்து ரிக் நின்று நீங்கள் ஊருக்கு வரும் வரை காத்திருப்பது என்றால் இன்னும் நான்கு மாதம். இத்தனை காலம் காத்திருப்பது என்பது உங்கள் வேலை, வரச்சொல்லாமல் இருப்பது என் வேலை என்று இருந்துவிட்டோம். என் கணவர் வேலை செய்யும் இடத்தை, அவர் வெறுங்காலோடு நிற்கும் அந்த மேடையை, கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. சம்பளம் வருகிற திசை என்றுதான் அந்த ஊரை நினைத்திருந்தேன்.

இதை இன்னும் ஜெனிட்டாவிடம் சொல்லவில்லை. முதலாளியிடம், ஜோதியிடம், யாரிடமும் சொல்லவில்லை. விபூதிப் புதன் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்ட பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்கிறேன். இந்தக் கடிதத்தைக் குருமூர்த்தியிடம் கொடுக்கப்போவதில்லை. வியாழக்கிழமை ரயிலில் நானே எடுத்துக்கொண்டு வாரேன்.

செல்வி